தைலக்காரன் கொண்டுவந்த சேதி

எனக்குக் குரல் கிடையாது. பேசுகிற அளவுக்கு உண்டு. கூவுகிற அளவுக்குக் கிடையாது. கூவிப் பிழைக்கிற தொழிலுக்கு வருகிறவன் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. கொழும்பில் தைலம் காய்ச்சி விற்ற ஒரு சின்னக் கம்பெனிக்கு மலைநாட்டில் சுற்றி விற்க ஆள் தேவைப்பட்டது. எனக்கு வேலை தேவைப்பட்டது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைநாளில், தோளில் தோல் பையோடு ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வரும். மூடினால் கீழே வெங்காயம் வதக்குகிற புகை வரும். துவைத்த வேட்டி நாட்கணக்கில் காயாது. வேலை முடிந்து வந்தால் பேச ஆளில்லை என்பது முதலில் சுகமாகத்தான் இருந்தது. சில மாதங்கள் போனதும் அதுவே என்னைத் தின்னத் தொடங்கியது. சாப்பாட்டுக் கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்பதுதான் பல நாட்களில் நான் பேசிய கடைசிப் பேச்சு.

தைலம் நல்ல தைலம். அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நல்ல சரக்கு தானாக விற்கும் என்று சொல்கிறவர்கள் தேயிலைத் தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்ததில்லை. மற்ற நாட்களில் வியாபாரிகளைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். சம்பள நாளில் மட்டும் ஆபீசுக்குக் கீழே பாதையோரத்தில் நிற்க விடுவார்கள். துணிக்காரர், வளையல்காரர், பாத்திரக்காரர், கருவாட்டுக்காரர், மிட்டாய்க்காரர், கிளி ஜோசியர் என்று ஒரு திருவிழாவுக்கு வேண்டிய கூட்டம் அங்கே நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூவுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து மலையேறிய பெண்கள், கொழுந்து நிறுத்துப் போட்டு, சம்பளத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு எங்களைக் கடந்து போவார்கள். பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தையை எடுக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். போகிற போக்கில் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்த ஒரு பார்வைக்குத்தான் நாங்கள் இத்தனை பேரும் அடித்துக்கொண்டோம்.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒரு மணி வாங்கி ஆட்டினேன். மிட்டாய்க்காரர் வந்துவிட்டாரென்று பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தைலத்தைப் பார்த்ததும் அழுதார்கள். தாய்மார்கள் என்னை முறைத்தார்கள். சிவப்புக் குடை ஒன்று பிடித்து நின்றேன். அடுத்த மாதம் வளையல்காரரும் சிவப்புக் குடை பிடித்தார். அவருடைய குடை என்னுடையதைவிடப் பெரியது. இலவசமாக நெற்றியில் தடவிவிடுகிறேன் என்று அறிவித்தேன். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை நெற்றியைத் தொடுவதற்கு எந்தப் பெண் நிற்பாள்? ஆண்கள் வந்தார்கள். வரிசையாக வந்து, நெற்றி பளபளக்கத் தடவிக்கொண்டு, நேராகக் கள்ளுத் தவறணைக்குப் போனார்கள். ஒருவரும் போத்தல் வாங்கவில்லை.

கம்பெனி முதலாளி ஒரு தடவை ரயிலில் வந்து, கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "ஒங்களப் பாத்தாக்கூட இங்க நிக்கிறது தெரியல" என்றார். தீபாவளி வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் சரக்குப் போகாவிட்டால் மலைநாட்டு வியாபாரத்தை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். அவர் சொன்னது எனக்குச் சுட்டது. வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை ஊர் சுற்றியும் என் முகம் யாருக்கும் தெரியவில்லையே என்ற அவமானம் இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

முதலாளி வந்து பார்த்த அந்தத் தோட்டத்தில்தான் அவள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷனை இழந்தவள், லயம் என்கிற வரிசை வீடுகளில் அண்ணன் குடும்பத்துக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்தாள். தைலத்தைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"தம்பி ஊரு ஊரா போறவரு போல. தலவாக்கலைப் பக்கமும் போவீங்களா?"

"போவேன் அக்கா."

"எம் மகள அங்கதான் குடுத்திருக்கு. தேயில அரைக்கிற ஸ்டோருக்கு மேல இருக்கிற லயம். கல்யாணம் முடிஞ்சு போனவ. நல்லா இருக்காளான்னு மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு வாங்களேன்."

தலவாக்கலை ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஆனால் வேலை நாளில் லீவு கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைக்க, விறகு வெட்ட, வீடு மெழுக என்று நாள் போய்விடும். மகளை அடுத்த மலைக்குக் கட்டிக்கொடுத்த தாய், நல்லது கெட்டதுக்கு மட்டுமே அவளைப் பார்ப்பாள். எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது. சரியென்று சொன்னேன்.

தலவாக்கலையில் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். அம்மா கேட்டதாகச் சொன்னதும் அவள் சிரித்தாள், உடனே அழுதாள், முழுகாமல் இருப்பதாகச் சொல்லச் சொன்னாள். அடுத்த சம்பள நாளில் நான் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே தாய் வந்து நின்றாள். சேதியைச் சொன்னேன். அவள் திரும்பி நின்று, அந்தப் பாதை முழுக்கக் கேட்கும்படி அதை இன்னொரு முறை சொன்னாள். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்த குரல் அதுதான்.

அதற்குப் பிறகு நான் கூவவில்லை. கூவ வேண்டியிருக்கவில்லை. எந்தத் தோட்டத்திலும் ஒரு தாய்க்கோ தங்கைக்கோ வேறு தோட்டத்தில் ஆள் இருந்தது. "நானுஓயாப் பக்கம் போனா எங்கக்காவ பாருங்க தம்பி." "கினிகத்தேனையில எம் மகன் கடையில நிக்கிறான், காய்ச்சல் விட்டுச்சான்னு கேளுங்க." நான் கேட்டேன், கொண்டுவந்தேன், கொடுத்தேன். என் பையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. சேதி கேட்டவர்கள் சும்மா போக மனமில்லாமல் ஒரு போத்தல் வாங்கினார்கள். தீபாவளி வந்தது, போயிற்று; முதலாளி வாய் திறக்கவில்லை. துணிக்காரர் என்னிடம் வந்து, "என்ன வசியம் வச்சிருக்கீங்க அண்ணே?" என்று கேட்டார். நான் பெரிய மனிதன்போலச் சிரித்தேன்.

ஆனால் அறைக்குத் திரும்பியதும் பழைய கதைதான். பகல் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தங்கள் தங்கள் அடுப்படிக்குப் போயிருப்பார்கள். நான் சொன்ன சேதியை அங்கே பேசிக்கொண்டிருப்பார்கள். சேதி வீட்டுக்குள் போய்விட்டது. கொண்டுவந்தவன் பஸ் ஸ்டாண்டில் நின்றான். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியாது.

அந்த மகளுக்கு மாதம் நெருங்கியது. தாயின் தோட்டத்தில் சம்பளம் போடுகிற நாளன்று, காலை பஸ்ஸிலேயே தலவாக்கலைக்குப் போனேன். மத்தியானம் திரும்பி வந்து சுடச்சுடச் சேதி சொல்லலாம் என்று கணக்கு. அவளுக்காகத்தான் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பிள்ளை பிறந்த சேதிக்கு எவ்வளவு கூட்டம் கூடும் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டோரைத் தாண்டி ஏறும்போதே சாவுக்குத் தப்படிக்கிற சத்தம் கேட்டது. அந்த லயத்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். அந்தப் பெண் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. அவளுடைய மாமனார் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"விடியவே ஆள் அனுப்பிட்டோம். அவ தாய்மாமன்கிட்ட சொல்லச் சொல்லியிருக்கு. அவரு பக்குவமா சொல்லி அம்மாவக் கூட்டிக்கிட்டு வருவாரு. நீங்க ஒன்னும் வாய் தொறக்க வேணாம்."

எங்கள் சனங்களில் அதுதான் முறை. பெற்றவளிடம் சாவை எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி, ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வைத்து, கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். வந்து வாசலைப் பார்க்கும்போது அவளே தெரிந்துகொள்வாள். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன். தாய் இந்நேரம் புறப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

மத்தியானம் நான் தோட்டத்துக்கு வந்தபோது, நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் என்றைக்கும் இல்லாத கூட்டம். சத்தமே இல்லை. துணிக்காரர்கூடக் கூவவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு விளங்கவில்லை. பிறகு கூட்டத்துக்கு முன்னால் அவளைப் பார்த்தேன். முகம் கழுவி, தலை சீவி, சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய அண்ணன் நின்றார். அவர் என்னைப் பார்த்து, தலையை மெல்ல, மிக மெல்ல ஆட்டினார். அந்தப் பாதையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்; அவளுக்கு மட்டும்தான் தெரியாது. தலவாக்கலைக்கு அடுத்த பஸ் சாயங்காலம்தான். இப்போதே சொன்னால் அதுவரைக்கும் அவளை யார் பிடித்து வைத்திருப்பது என்று அண்ணன் பேசாமல் இருந்திருக்கிறார்.

"என்ன புள்ள தம்பி?" என்று கேட்டாள். "ஆணா பொண்ணா?"

ஒரு வியாபாரிக்கு அப்படியொரு கூட்டம் வாழ்நாளில் வாய்க்காது. ஒரு கண் வேறு பக்கம் போகவில்லை. ஒரு குழந்தை சிணுங்கவில்லை.

"இந்த மாசம் அந்தப் பக்கம் போகக் கெடைக்கல அக்கா" என்றேன்.

அவள் முகம் வாடியது. பிறகு என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டாள். "பரவால்ல தம்பி. மழையில எங்க போறது? அடுத்த மாசம் போவீங்கல்ல?" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு போத்தல் வாங்கி, அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "புள்ள பெத்த ஒடம்பு, இடுப்பு வலிக்கும். இத அவகிட்ட குடுத்திருங்க." கூட்டத்தில் யாரோ ஒருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் ஓடினாள். நான் போத்தலை வாங்கிப் பையில் போட்டேன். பிறகு அதை அவளுடைய அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, வேறு எதையும் விற்காமல் இறங்கிவிட்டேன்.

சாயங்கால பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். பிரசவத்தில் போனவளை அதிக நேரம் வைத்திருக்க மாட்டார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

நான் செய்ததில் தப்பில்லை என்று எல்லோருமே சொன்னார்கள். அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் கதை போயிற்று. தைலக்காரர் எப்படி முகத்தில் ஒன்றும் காட்டாமல், போகவில்லை என்று சொன்னார் என்று பெருமையாகத்தான் பேசினார்கள். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. அடுத்த மாதம் இன்னொரு தோட்டத்தில் ஒரு சின்னப் பெண், நானுஓயாவில் இருந்த தன் தாயைப் பற்றிக் கேட்டாள். மழையில் நான் உண்மையாகவே போகவில்லை. "போகக் கெடைக்கலம்மா" என்றேன். அவள் கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தியம் செய்தேன், சாமிமேல் ஆணையிட்டேன். சுற்றி நின்றவர்கள் எனக்கு எதிரிலேயே அவளைத் தேற்றத் தொடங்கினார்கள். பிறகு போய்ப் பார்த்தால், அவளுடைய தாய் நானுஓயாவில் கல்லுமாதிரி திடமாக இருந்தாள்.

நல்ல சேதி சொன்னாலும் அப்படித்தான். "நெசமாவா தம்பி? எங்ககிட்ட மறைக்கலையே?" என்று கண்ணுக்குள் பார்ப்பார்கள். நான் சிரித்தால், இப்படித்தான் அன்றைக்கும் இருந்தார் என்பார்கள். போகப் போக என்னைத் தூரத்தில் கண்டாலே பெண்கள் சுருங்கினார்கள். ஏதாவது கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேனே என்று, கேட்காமலே வேகமாக நடந்தார்கள். முன்பு என்னைக் கவனிக்காமல் போனார்கள். இப்போது கவனித்துவிட்டுப் போனார்கள். இதில் எது மேல் என்று கேட்டால், முன்பிருந்ததுதான்.

அந்த நேரத்தில் ஒரு சோப்புக் கம்பெனி ஒலிபெருக்கி கட்டிய வேனை அனுப்பியது. சினிமாப் பாட்டு மலைக்கு மலை எதிரொலித்தது. துணிக்காரர் கூவுவதை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டார். எங்கள் முதலாளியும் பார்த்தார். வேன் வாங்கத் தீர்மானித்தார். வேனுக்குக் குரல் உள்ள ஓர் இளைஞனை எடுத்தார். என்னைக் கொழும்புக்கு வந்து போத்தல் கழுவுகிற இடத்தில் மேற்பார்வை பார்க்கச் சொன்னார். நல்ல மனுஷர்தான், வேலையைப் பறிக்கவில்லை. ஆனால் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் நின்றபோது, இந்த மலையில் நான் இருந்ததற்கு என்ன அடையாளம் என்று யோசித்தேன். எதுவும் தோன்றவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் என் அறைக்கு அடுத்த ஆளை ஏற்கனவே பேசி வைத்திருந்தார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. அவளுடைய தோட்டத்தில் அன்றைக்குச் சம்பள நாள். வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கம்பெனியின் புது வேன் பாதையின் நடுவில் நின்றது. அந்த இளைஞன் ஒலிபெருக்கியில் தைலத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தான், நன்றாகத்தான் சொன்னான். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். நான் பாதையின் அந்தப் பக்கத்தில், ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன்.

அவள் கூட்டத்திலிருந்து விலகி வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் என் அருகில் வந்ததில்லை. மெலிந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க போயிருந்தீங்கதானே தம்பி?"

"போயிருந்தேன் அக்கா."

"எம் மகளப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எனக்குப் பாக்கக் கெடைக்கல" என்றாள். "யாருகிட்ட கேட்டாலும் போனது போயிருச்சு, நெனைக்காதன்னு சொல்றாங்க. நீங்க மறைக்காம சொல்லுங்க. எப்பிடி இருந்தா?"

ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். என் குரல் எடுபடவில்லை. அவள் இன்னும் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். நான் சொன்னேன். மஞ்சள் சேலை கட்டியிருந்தார்கள். தலையை நன்றாக வாரி, பங்களாத் தோட்டத்து டேலியாப் பூவை வைத்திருந்தார்கள். வளைகாப்புக்கு அடுக்கிய கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் அப்படியே இருந்தன, ஒன்றுகூட உடையவில்லை. மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். ஆண் பிள்ளை. வெள்ளைத் துணியில் சுற்றி, அவளுடைய இடது கைப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். தலையில் நிறைய முடி இருந்தது.

அவள் அழவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் காதை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி" என்றாள்.

மஞ்சள் சேலையிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.